கரண்ட் பில்லில் பெயர் எழுத முடியாது

எங்கள் சபையில் எல்லாப் பதவிக்கும் போட்டி உண்டு. திருமண்டலத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பிகூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கணக்குப் புத்தகத்தை நீட்டினால் மட்டும் ஒவ்வொருவருக்கும் கண் மங்கிவிடும், கை நடுங்கும், வயசாகிவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதிக் காலம் தள்ளியவன் நான். ஓய்வுபெற்று ஊருக்கு வந்த கையோடு நடந்த கமிட்டியில், "அண்ணாச்சிக்குத் தெரியாத கணக்கா?" என்று சொல்லிப் பெட்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து சாத்தான்குளம் பக்கத்துச் சிறிய சி.எஸ்.ஐ. சபை ஒன்றுக்கு நான்தான் பொருளாளர்.

பொருளாளர் என்றால் பணத்தை வைத்திருப்பவர் என்று ஊரில் நினைப்பு. பணம் என்னிடம் ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் காலை வங்கி திறக்கும்வரைதான் இருக்கும். மற்ற நாளெல்லாம் என்னிடம் இருப்பவை தேதிகள். இன்ன தேதிக்கு இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் அவ்வளவு வருமா? பட்ஜெட் என்று கமிட்டியில் நாங்கள் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்விதான்.

எங்கள் சபையின் அசல் தொகைகளை இங்கே எழுதுவது முறையல்ல. அளவு விளங்குவதற்காக, நூறு தலைக்கட்டு உள்ள ஒரு சபைக்கு வருஷம் 6 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஆல் வகுத்தால் மாதம் 50,000. பள்ளிக்கூடக் கணக்குக்கு அது சரி. சபைக் கணக்கில் அப்படி ஒரு மாதம் வருவதே இல்லை. கேரல் ரவுண்ட்ஸில் தொடங்கி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை, புது வருஷ ஆராதனை என்று நாலைந்து வாரத்துக்குள் வருஷ வரவில் பெரும்பங்கு வந்துவிடும். மே மாதம் மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள் கோயில் விருந்தான அசனப் பண்டிகைக்கு ஊர் வருவார்கள். அப்போது ஒரு வரத்து. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வரத்து. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் காணிக்கைப் பை இளைத்துவிடும். ஆடி மாதத்துத் தேரிக்காற்றில் பை பறக்காமல் இருந்தால் சரி.

செலவுக்கு இந்தப் பருவமெல்லாம் கிடையாது. ஆகவே நான் பட்ஜெட்டை வரவிலிருந்து எழுதுவதில்லை. மார்ச் முதல் வாரம் ஒரு வெள்ளைத்தாளில் செலவை மட்டும் எழுதுவேன்; அதிலும், காணிக்கை ஒரு பைசா வராவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டியவற்றை மட்டும். பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு அனுப்பவேண்டிய பங்கு. சபை ஊழியருக்கு நாங்கள் தருகிற படி. மணி அடித்து, கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, சாவு விழுந்தால் நடுச்சாமத்திலும் எழுந்து வருகிற கோயில் குட்டியாருக்குச் சம்பளம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம். மைக் செட் பழுது. இராப்போஜனத்துக்கு அப்பமும் ரசமும். ஞாயிறு பள்ளிக்குப் பாடப் புத்தகம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சுண்டலும் கலர் பென்சிலும். கல்லறைத் தோட்டத்து உடைமரம் வெட்டும் கூலி. கூட்டினால் நம் 6 லட்சத்தில் 4 லட்சத்தைத் தாண்டிவிடும். இதற்கு நான் வைத்திருக்கிற பெயர் சாகாத செலவு. மூன்று மாதச் சாகாத செலவு வங்கியில் இல்லாமல் புதுச் செலவு எதற்கும் கையெழுத்துப் போடமாட்டேன். டிசம்பர் பணத்தைப் பார்த்துவிட்டு ஜனவரியில் பெயின்ட் அடித்து, செப்டம்பரில் கோயில் குட்டியாரிடம் "அடுத்த மாசம் சேத்து வாங்கிக்கிடும்" என்று சொல்கிற சபைகளை எனக்குத் தெரியும்.

அந்தச் சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பொறுப்பெடுத்தபோது அது ஒரு கொத்தனாரின் ஐந்து நாள் கூலிக்குக் காணாது. ஏற்றவேண்டும் என்றதும் ஒரு பெரியவர், "ஊழியந்தானே அண்ணாச்சி, அதுக்குச் சம்பளத்தையா பாக்கது?" என்றார். "அப்பம் வார மாசம் நீங்க மணி அடிங்க, ஊழியமா இருக்கட்டும்" என்றேன். கமிட்டி சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் சம்பளம் ஏறியது. சபையின் பக்தியை அளக்க என்னிடம் கருவி கிடையாது; அதன் நேர்மையை அளக்கவேண்டுமென்றால் கோயில் குட்டியாருக்கு எந்தத் தேதியில் சம்பளம் கிடைக்கிறது என்று பார்ப்பேன்.

இந்தச் செலவைத் தாங்கத்தான் எங்கள் பக்கத்தில் சங்கக் காணிக்கை இருக்கிறது. திடப்படுத்தல் பெற்றவர்கள் முறையாகக் கட்டவேண்டியது. கட்டியவருக்குத்தான் சபைத் தேர்தலில் ஓட்டு. குருவானவரின் சம்பளம் மேலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே போவதே கீழே இருக்கிற சபைகளின் பணம்தான்.

சபை தன் செலவைத் தானே சுமக்கிற இந்தப் பழக்கத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1841 முதல் 1872 வரை லண்டனில் சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென், மிஷனெரி போன பிறகும் சபை நிற்கவேண்டுமானால் அது தன் பணத்தில் நிற்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தானே சுவிசேஷம் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியவர். திருநெல்வேலிச் சீமையில் பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகள் தங்கள் உபதேசியாருக்குத் தாங்களே படியளக்கப் பழகின. பழகிய கைதான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. இந்தியப் பணத்தில் இந்திய ஊழியரை அனுப்புவோம் என்றது. தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இதையெல்லாம் ஆண்டுக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். அந்த மாதச் சங்கக் காணிக்கைப் பாக்கி அப்படியே இருந்தது.

பாக்கி ஒரே நாளில் தீருகிற வருஷமும் உண்டு. அது தேர்தல் வருஷம். சிலருடைய காணிக்கையை அவர்களுக்கே தெரியாமல் வேறு யாரோ கட்ட வருவார்கள். அவரவர் வந்து கட்டினால்தான் ரசீது என்று சொல்லிவிடுவேன். இதனால் எனக்குச் சில கல்யாணப் பத்திரிகைகள் வராமல் போயிருக்கின்றன.

கொடுக்க மனமில்லாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. அந்த மனம் எதன் பக்கம் சாய்கிறது என்பதுதான் பொருளாளரின் தலைவலி. மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் மின்விசிறி. மகள் கல்யாணம் முடிந்தால் சுவர்க்கடிகாரம். தகப்பனார் நினைவாக நாற்காலி, ஸ்பீக்கர் பெட்டி, பலிபீடத் துணி. எல்லாவற்றிலும் பெயர், தேதி, 'அன்பளிப்பு'. ஒரு காலத்தில் எங்கள் கோயிலில் ஐந்து கடிகாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். பிரசங்கம் நீளுகிறதா இல்லையா என்பது நீங்கள் எந்தக் குடும்பத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசிறி கொடுத்தவர் கோயிலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து அது சுற்றுகிறதா என்று பார்ப்பார். சுற்றவில்லையென்றால் என்னிடம் வருவார். சுற்றுவதற்கு ஆகிற கரண்டுக்கு யாரும் வந்ததில்லை. விசிறி இறக்கையில் பெயர் எழுதலாம். கரண்ட் பில்லில் எழுத முடியாது.

பில்லில் எழுத முடியாததை நோட்டீஸ் போர்டில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு மின்கட்டணத்தையும் ஒரு குடும்பம் ஸ்தோத்திரக் காணிக்கையாக ஏற்றுக்கொள்ளலாம், ஐயர், அதாவது குருவானவர், பலிபீடத்திலிருந்து பெயரை வாசிப்பார் என்று அறிவித்தோம். நவம்பர்-டிசம்பர் பில்லுக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். விசிறி ராவும் பகலும் ஓடுகிற மே-ஜூன் பில்லுக்கு இன்றுவரை ஆள் இல்லை. ஆனாலும் வருஷத்தில் இரண்டு மூன்று பில்கள் பொது நிதியைத் தொடாமல் கழிகின்றன, அதுவரை லாபம்.

இன்னதுக்கென்று சொல்லிக் கொடுத்த பணம் அதற்கு மட்டும்தான். அதனால் எங்களிடம் பணம் ஐந்து தனித்தனி அறையில் இருக்கிறது. பொது நிதி, கட்டட நிதி, அசனக் கணக்கு, ஏழைகள் நிதி, மிஷனெரி காணிக்கை. கடைசியாகச் சொன்னது எங்கள் பணமே இல்லை. எங்கள் வழியாக வடக்கே ஊழியம் செய்கிறவர்களுக்குப் போகிற பணம். பொது நிதி வறண்ட மாதத்தில், "மிஷனெரி காணிக்கைலருந்து எடுத்துட்டு அடுத்த மாசம் போட்டுருவோம்" என்ற யோசனை எல்லாக் கமிட்டியிலும் வரும். பேரேட்டில் இந்த 'போட்டுருவோம்' எத்தனை கூட்டுறவுச் சங்கங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று பார்த்தவன் நான். அந்தப் பணத்தை அந்தந்த மாதமே அனுப்பிவிட்டால் யோசனைக்கு இடமில்லை. அனுப்பிவிடுவேன்.

ஏலத்துக்கு வருவோம். ஸ்தோத்திரப் பண்டிகையன்று ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் நடக்கும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிக் கொட்டான், வீட்டில் சுட்ட அதிரசம், முதல் காய்ப்பு மாங்காய், கால் கட்டிய சேவல், கழுத்தில் ரோஜா மாலையோடு ஒரு கிடாக்குட்டி. ஏலம் போடுகிறவருக்கு நாக்கு வேண்டும். யார் யாரோடு உரசுவார்கள் என்ற ஊர் ஞானமும் வேண்டும். கடையில் 30 ரூபாய்க்கு விற்கிற தேங்காய் 500க்குப் போகும். எடுத்தவர் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். ஒரே சேவல் மூன்று பேருக்கு விற்கப்பட்டு, சாயங்காலம் நாலாவது ஆள் வீட்டுக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். ஒரு வருஷம் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு மைத்துனர்கள் மல்லுக்கு நின்று 8,000 ரூபாய் வரை ஏற்றிவிட்டார்கள். சனம் கைதட்டியது. சண்டை பூசணிக்காய்க்கு இல்லை, வயல் வரப்புக்கு என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டேன்.

மறுநாள்தான் என் வேலை. ஏலத்தில் கூவிய தொகை எல்லாம் கையோடு வராது. மும்பைக்குத் திரும்பியவர் "அனுப்புதேன் அண்ணாச்சி" என்பார். உள்ளூர்க்காரர் கருப்பட்டி விற்கட்டும் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கைதட்டல் ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே அடுத்த பட்ஜெட்டில் ஏல வரவு என்று நான் எழுதுவது சென்ற ஏலத்தில் கூவிய தொகையை அல்ல, மார்ச் 31க்குள் கைக்கு வந்த தொகையை. கமிட்டிக்கு இது பிடிக்காது. பெரிய எண்ணை எழுதினால் பெரிய திட்டம் போடலாமே! பாக்கிக்காரர் பெயரைக் கோயிலில் வாசிக்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். நான் ஒப்பவில்லை. காணிக்கைக்கு வாரண்டு பிறப்பிக்கக் கூடாது.

ஏலத்துக்கு நேர் எதிரான வரவு ஒன்று உண்டு, பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். யார் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. கோயில் வாசலில் இருக்கிற டிரம்மில் கொட்டிவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் அதை விற்று வருகிற காசு பொது நிதியில் சேரும். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியது. டிரம்மில் புழுங்கலும் பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து விழுந்தன. கலந்த அரிசியை வாங்க ஆள் இல்லை. ரேஷன் அரிசியை விற்பது சட்டப்படி குற்றமும்கூட. இப்போது லெந்து நாட்களில் உபவாச ஜெபம் முடிந்து ஊற்றுகிற கஞ்சிக்கும், பெரிய வெள்ளிக் கஞ்சிக்கும், தனியாக இருக்கிற முதியவர்கள் சிலர் வீட்டுக்கும் அது போகிறது. என் ரொக்கப் புத்தகத்தில் இந்த வரவு இல்லை. ஆனால் பீடி சுற்றுகிற பெண்கள் கொடுத்து வாழ்கிற சபை இது என்பதற்கு அந்த டிரம்மை விடச் சாட்சி வேண்டாம்.

காணிக்கை எண்ணுவது வெஸ்ட்ரி அறையில். மூன்று பேர் இருப்போம், கதவு திறந்தே இருக்கும். பையைக் கவிழ்த்தால் முதலில் நாணயம், பிறகு மடித்து மடித்துத் தபால்தலை அளவாக்கிய நோட்டுகள், சில வேளை ஒரு பொத்தான். பத்து ரூபாய் நாணயத்தைப் பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்த காலத்தில் அவ்வளவும் எங்கள் பைக்கு வந்து சேர்ந்தது. ஆண்டவர் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை. கிழிந்த நோட்டைத் தனியாக எடுத்துவைத்து வங்கியில் மாற்றவேண்டும். பிறகு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள். 'பசு சுகமாகக் கன்று ஈன்றதற்காக.' 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக.' 'மகன் அரியர் பாஸ் பண்ணியதற்காக.' ஒருமுறை, 'மருமகள் திரும்ப வந்ததற்காக.' கவரைப் பிரித்தவர் வாயை மூடிக்கொள்ளவேண்டும். எண்ண உட்காருகிறவர்களை நான் கணக்கு தெரிந்தவர்களா என்று பார்த்துத் தேர்வதில்லை, வாய் அடக்கமா என்று பார்த்துத்தான்.

எண்ணி முடித்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகே தொகை புத்தகத்தில் ஏறும். "நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்வேன். யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வாங்குகிறார்கள். வருஷங்கள் போயும் பழுது பார்த்தபாடில்லை. ராஜா கூப்பிட்டுக் கேட்ட பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணுகிறார்கள். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலயத்து ஆள். வங்கியில் ஐயரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்கிற விதியை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. அதே அதிகாரத்தில், வேலை செய்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் இருக்கிறது. கட்டடக் கமிட்டிக்காரர்களுக்கு அந்த வசனம் மனப்பாடம். நான் பவுலைக் காட்டுவேன். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று சபைகள் தெரிந்துகொண்ட ஓர் ஆளையும் உடன் அனுப்புகிறார், இரண்டாம் கொரிந்தியர் 8. அப்போஸ்தலருக்கே துணையாள் வேண்டியிருந்தது!

கணக்கில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி வராத இடம் ஏழைகள் நிதி. கொடுத்ததற்கு வவுச்சர் வேண்டும். வாங்கியவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டும். டயாலிசிஸுக்குப் போய்வர வேன் வாடகை, கல்லூரி ஹாஸ்டல் கட்டணம், அடக்கத்துக்குப் பெட்டி, குழி வெட்டுகிறவருக்குக் கூலி என்று கேட்டு வருகிறவர் நேற்றுவரை ஏலத்தில் தேங்காய் எடுத்தவராக இருக்கலாம். நாங்கள் செய்வது இது. வவுச்சரில் எண் மட்டும் இருக்கும். எண்ணுக்குரிய பெயர் ஐயரிடமும் கமிட்டி தெரிந்தெடுத்த ஒரு பெரியம்மாவிடமும் இருக்கிற நோட்டில். தணிக்கைக்காரர் கேட்டால் நோட்டைப் பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது. எனக்கே பெயர் தெரியாது. தெரிந்தால் தெருவில் அவர் முகத்தைப் பார்க்கும்போது என் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தொகைக்குமேல் போனால் கமிட்டியைக் கேட்கவேண்டும் என்ற வரம்பும் உண்டு. இதில் ஓட்டை இல்லை என்று சொல்லமாட்டேன். பெயரை வாசித்துத் தர்மம் கொடுப்பதைவிட இந்த ஓட்டை மேல்.

வெளியூர்ப் பிள்ளைகள் இப்போது கேட்கிற முதல் கேள்வி, "சித்தப்பா, 80ஜி ரசீது உண்டா?" கிடையாது. மத காரியத்துக்குக் கொடுக்கிற பணத்துக்கு அந்த வரிச்சலுகை இல்லை. வரி மிச்சப்படாது என்று தெரிந்தபின் தொகை சற்று மெலியும், ஆனால் வரும். இதைவிடச் சங்கடமானது வெளிநாட்டுப் பணம். துபாயில் வேலை பார்க்கிற தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவரை, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அசனத்துக்கு வந்து ரூபாய் நோட்டாகவே நீட்டினாலும் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எப்.சி.ஆர்.ஏ.வின்படி பதிவு வேண்டும், அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் இறங்கவேண்டும். எங்களைப் போன்ற சபை நேரடியாக வாங்கவே கூடாது. சின்ன வயதில் என்னோடு நுங்கு வண்டி ஓட்டியவனிடம் "உன் பணம் வேண்டாம்ப்பா" என்று சொல்வதைப் போலக் கசப்பான வேலை இந்தப் பொறுப்பில் வேறில்லை. "நான் இந்த ஊர்க்காரன் இல்லையா?" என்றான். ஊர்க்காரன்தான். சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அடுத்த ஞாயிறு, 13ஆம் தேதி, காணிக்கைப் பை அதற்கு முன்னும் பின்னும் காணாத கனம் கனத்தது. அதுவரை பத்து ரூபாய் போட்டவர்களுக்கும் திடீரென்று பக்தி முற்றியிருந்தது. பையில் விழுந்ததை எண்ணி, கையெழுத்துப் போட்டு, வரிசையில் நின்று கட்டினேன். டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. ஒருவர் மட்டும் இரவில் வீட்டுக்கு வந்தார். கட்டட நிதி என்று ஒரு பெரிய தொகையை வரவு வைத்துக்கொள்ளுங்கள், புது நோட்டு வந்தபின் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுங்கள், கால்வாசி கோயிலுக்கு என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். கோபுரம் பாதியில் நிற்கிற காலம் அது. கமிட்டியில் சொல்லியிருந்தால் இரண்டு பேராவது ஆதரித்திருப்பார்கள். சொல்லவில்லை.

2020 ஊரடங்கில் கோயில் பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளியும் 12 ஈஸ்டரும் வீட்டுக்குள்ளே கழிந்தன. வரவு நின்றது, சாகாத செலவு நிற்கவில்லை. மூன்று மாதக் கையிருப்பு என்று நான் பிடித்த பிடிவாதத்தைக் கேலி செய்தவர்கள் அந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் கதவு திறந்தபோது சில பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் அதில் போட்டுவைத்திருக்கிறார்கள். வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன்னிடத்தில் சேர்த்துவைக்கவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பற்றிப் பல பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதைச் செய்து காட்டியவர்கள் இவர்கள். அந்த வருஷக் கணக்கில் அசனமும் ஏலமும் பூஜ்யம். பொது நிதியைக் காப்பாற்றியது ஐந்தும் பத்துமாக வந்த இந்தப் பாட்டில்கள்தான். லட்ச ரூபாய் தந்து கல்வெட்டு கேட்கிறவரிடம் நான் கொஞ்சம் வறட்டாகப் பேசுகிறேன் என்று ஐயரம்மா சொல்வதுண்டு. காரணம் இந்த வருஷம்தான்.

ஊரடங்கு முடிந்ததும் தூணில் கியூஆர் கோடு ஒட்டினார்கள். நாணயம் எண்ணுகிற வேலை குறைந்தது. ஆனால் பையில் போட்டால் யார் போட்டது என்று தெரியாது. போனில் போட்டால் வங்கி அறிக்கையில் பெயர், நேரம், தொகை எல்லாம் வருகிறது. பிரசங்கத்தின் நடுவே 10.47க்கு ஏழு ரூபாய் அனுப்பிய பையன் யார் என்று எனக்குத் தெரியும். தெரியவேண்டாம். அறிக்கையை நான் ஒருவன் மட்டும் பார்த்து, கமிட்டிக்கு மொத்தத் தொகையைத்தான் சொல்கிறேன். பையும் தொடர்ந்து போகிறது. அது தன் முன்னால் வந்து நிற்காமல் காணிக்கைப் பாட்டு முடியாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிப்பு. எந்தச் சபையிலும் கேள்விகள் தொகைக்குத் தலைகீழாகத்தான் வரும். சேகரத்துக்குப் போன பெரிய தொகையை ஒரு மூச்சில் வாசித்துவிடலாம், யாரும் அசையமாட்டார்கள். "விளக்குமாறு, இரண்டு, 160 ரூபாய்" என்றதும் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது, விளக்குமாற்றின் விலை எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்போது பெரிய தொகைகளை அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உடைத்துச் சொல்கிறேன். மின்கட்டணம் ஒரு ஆராதனைக்கு எவ்வளவு, கோயில் குட்டியார் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு, மைக் செட் பழுது எத்தனை தேங்காய் ஏலம். கேள்விகள் சரியான இடத்தில் விழத் தொடங்கியிருக்கின்றன. சென்ற வருஷம் ஓர் அக்கா எழுந்து, "கட்டட நிதியில வட்டி வந்திருக்கே, அதை எந்தக் கணக்குல வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவரை அடுத்த கமிட்டிக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அவர் வந்தால் ஒரு தீர்மானத்துக்குத் துணை கிடைக்கும். பெயர் போட்டு எந்தப் பொருள் கொடுத்தாலும், அதன் விலையில் பத்தில் ஒன்றைப் பராமரிப்பு நிதியில் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது தீர்மானம். இரண்டு முறை கொண்டுவந்தேன். "கொடுக்க வாரவன விரட்டாதீங்க" என்று இரண்டு முறையும் ஒத்திவைத்தார்கள். இப்போது சென்னையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி பலிபீடத்துப் பக்கம் இரண்டு ஏ.சி. தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மூன்று பேஸ் இணைப்பு வாங்கவேண்டும், வயர் மாற்றவேண்டும், பில் எங்கே போய் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி அவருக்கு அனுப்பினேன். அன்று இரவே போன் வந்தது.

"அண்ணாச்சி, பில்லையும் நானே கட்டுதேன். ஒரு வருஷத்துக்கு."

"ரெண்டாம் வருஷம் ஏ.சி.ய கழட்டிக்கிடலாமா தம்பி?"

சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டி அடுத்த ஞாயிறு கூடுகிறது. ஏ.சி. மூன்றாவது பொருள், கோயில் குட்டியாரின் சம்பள உயர்வை முதலாவதாகப் போட்டிருக்கிறேன்.